மரத்தவளையின் இடப்பக்கம்

1985 மார்ச் 4
எனக்கு இன்றும் முதலாம் வருடத்துக்குத் தவளைக் குடல் வகுப்பு. நரம்பியல் பாடம் இன்னும் இளைய விரிவுரையாளன் பாலேந்திரனிடம்தான். நாற்பது வயதுக்குப் பிறகு மூளை ஆராய்ச்சிக்குள் இறங்கி, எங்கள் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் அந்தப் பாடத்தைத் தொடங்கியவள் நான். எண்பத்துமூன்று கலவரத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஓடி, திரும்பி வந்தபோது அது அவன் கையில். என் மரத்தவளை மூளை வெட்டுகள், அவற்றை ஒட்டிவைத்த அத்தனை கண்ணாடி வழுக்கிகளும்? "எல்லாம் கலவரத்தில அழிஞ்சு போயிட்டுது அக்கா." கண் கலங்கியே சொன்னான். பீடாதிபதியிடமும் அதையே சொன்னானாம்.

மார்ச் 19
ஆய்வுகூட உதவியாளர் ஹலீம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மிஸ், ஒங்கட வழுக்கிப் பெட்டி பாலேந்திரன் சேர்ட அலுமாரிக்குள்ள ஈக்கிது. எடுத்துட்டு வரவா?"
"வேண்டாம். இருக்கட்டும்."
கேட்டால் தன்னுடையது என்பான். பொறு இரஞ்சிதம்.

மே 2
மாடிப்படியில் பாலேந்திரன், "சுகமா அக்கா?" என்றான். சுகம் என்றேன்.

யூன் 11
அவனுடைய கட்டுரை வந்துவிட்டது. பொதுவாகத் தவளை மூளையின் நடுவிலுள்ள சிறு முடிச்சு இடப்பக்கம்தான் பெரிது. நம் கண்டி மரத்தவளைக்கு மட்டும் வலப்பக்கமாம்! புதுக் கண்டுபிடிப்பாம்!
நான் இடக்கைக்காரி. வெட்டுகளைக் கவிழ்த்தே ஒட்டுவேன். என் வழுக்கியில் இடது வலதாகத் தெரியும். அட மடையா, களவெடுக்க முதல் அதையாவது கேட்டிருக்கலாமே.
ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்னும் உயர ஏறட்டும்.

ஓகஸ்ட் 23
கருத்தரங்கு. முன்வரிசையில் பீடாதிபதி. பாலேந்திரன் புதுக் கழுத்துப்பட்டியோடு பேசி முடித்தான். கைதட்டல். நான் எழுந்து, புதிதாக வெட்டி, இம்முறை கவிழ்க்காமல் ஒட்டிய மரத்தவளை மூளையை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். இடப்பக்கம்தான் பெரிது. பிறகு ஆங்கிலத்தில், மிகப் பணிவாகக் கேட்டேன்: உங்களுடைய வழுக்கிகளை ஒட்டியது யார்?
தானே ஒட்டியது என்றால் பிழை அவனுடையது. "அவை இரஞ்சிதம் ஒட்டியவை, பிழை அவருடையது" என்றான் — ஆங்கிலத்தில், எல்லோருக்கும் விளங்க.
"அவை அழிந்துவிட்டன என்றீரே?" என்றார் பீடாதிபதி.
நான் உட்கார்ந்துகொண்டேன். இரவு ஒரு மணியாகியும் ஏன் நித்திரை வரவில்லை? சந்தோசம்தான். வேறென்ன?

செப்டெம்பர் 9
நரம்பியல் மறுபடி எனக்கு. பாலேந்திரன் விடுமுறையில்.

செப்டெம்பர் 15
அவன் மனைவி கமலாசனி தொலைபேசியில் அழுதாள். "அக்கா, அவர் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை, ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை. நீங்கள் ஒருக்கா வந்து ரெண்டு வார்த்தை கதைச்சா…"
"நாளைக்கு முதல் வகுப்பு, தங்கச்சி. இன்னும் ஆயத்தம் செய்யேல்லை" என்றேன்.
ஆயத்தம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது.