மாமா பெயர் வைத்த எலி

1904 ஆகஸ்டு 13, சனிக்கிழமை, காலை ஏழேகால் மணி. மேஜைமேல் இருக்கும் எலி: ஒன்று.

ஊரிகம்.

என் மகள் லூயிசாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் தயவால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், காய்ச்சல் இருமல் ஒன்றும் இல்லை. வேலூரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் உடனே எழுது. உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூட விடுதியில் ஆளுக்கு ஒரு சின்னப் பிராணி வளர்க்க மேட்ரன் அம்மாள் அனுமதி கொடுத்திருக்கிறார், எனக்குப் பர்னபாஸ் மாமா எலிதான் வேண்டும், வேறு எது அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன், மாமா மேலே வந்தால்தான் லீவுக்கு ஊருக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுப் பெண் அப்பனுக்கு நிபந்தனை போடுவதா என்று நினைத்தேன். அம்மா மட்டும் அந்தக் கடிதத்தை மறுபடி மறுபடி படித்துவிட்டு, பிள்ளை கேட்பதில் தப்பில்லை என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதலில் நான் என் வழியில்தான் போனேன். பிராணி வாங்குவது என்றால் யோசித்து வாங்கவேண்டும். அணில் பார்த்தேன், பிடித்த அணில் பழகாது, கூண்டில் போட்டால் கம்பியில் மூக்கை இடித்து இடித்தே செத்துப்போகும், விட்டுவிட்டேன். ஸ்டோர் கிளாரன்ஸ் வீட்டில் சீமையிலிருந்து வந்த கொழுத்த பிராணி ஒன்று இருக்கிறது, முயலுக்கும் பெருச்சாளிக்கும் நடுவில் ஒரு உருவம், கினிப்பன்றி என்கிறார்கள், சாது, கடிக்காது. ஆனால் யாராவது காய் நறுக்கினால் வீடே கேட்கும்படி கீச்சிடுகிறது, விடுதியில் ஒருத்தரும் தூங்கமுடியாது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வெள்ளைச் சுண்டெலிதான் சரி என்று வந்தது, அந்த மட்டில் நீ கேட்டது தப்பில்லை. அதற்காக மாமா எலிதான் என்று ஏன் பிடிவாதம், ஒரு எலிக்கும் இன்னொரு எலிக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன்.

கீழே தங்கச் சுரங்கத்தில் எலி எதற்கு என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சரியாகச் சொல்கிறேன், விடுதிப் பிள்ளைகளிடம் கண்டபடி கதை கட்டாதே. பாறையில் வெடி வைத்தபிறகு ஒரு கெட்ட காற்று நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, விளக்கும் அணையாது. மனிதனுக்கு முன்னால் எலிக்கு மயக்கம் வரும். அதனால் எலியை முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு ஆள் போவான். அவ்வளவுதான் விஷயம். அந்த எலிக்கு அந்த லெவலில், அதாவது சுரங்கத்தின் அந்தத் தட்டில், கடைசியாகச் செத்தவன் பெயரை வைப்பது முனிரத்தினம் மேஸ்திரி கூட்டத்தாரின் வழக்கம், செத்தவன் தன் ஆட்களுக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவான் என்று ஒரு எண்ணம். போன டிசம்பரில் பாறை அழுத்தம் தாங்காமல் தானாக வெடித்து, இங்கே ஏர் பிளாஸ்ட் என்கிறார்களே அது, உன் மாமா அந்தக் கல்லுக்குள்ளேயே போய்விட்டான். எடுக்க முடியவில்லை. அந்த மூலையைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். அதன்பிறகு வந்த எலிக்கு அவன் பெயர்.

போன சனிக்கிழமை கீழே போய் முனிரத்தினத்திடம் கேட்டேன். அவர் சிரித்தார். “இன்னா சார், வேலைல கீற ஆள எட்துனு போறேன்றீங்களே” என்றார். எலிதானே மேஸ்திரி, வேறு எலி வாங்கித் தருகிறேன் என்றேன். கூப்பிட்டுப் பாருங்கள் என்று கூண்டை என் முன்னால் வைத்தார். நான் முதலில் மேஸ்திரி பெயரைச் சொன்னேன், கிளாரன்ஸ் பெயரைச் சொன்னேன், உன் பெயரையும் சொன்னேன், எலி மூலையில் சுருண்டு கிடந்தது. பர்னபாஸ் என்றேன். எழுந்து வந்து கம்பியில் கை வைத்து நின்றது. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன், வரவில்லை. மெல்லச் சொன்னேன், வந்தது. தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக் களி போடுகிறார்கள், பழகிவிட்டது, நாய்க்குப் பழகுவது எலிக்கும் பழகும், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை மேஸ்திரியைச் சம்மதிக்கவைத்து எலியை மேலே கொண்டுவந்தேன். வெளிச்சத்தில் கூண்டை இறக்கிவைத்துப் பெயரைச் சொன்னேன். திரும்பவில்லை. களி வைத்துச் சொன்னேன், களியைத் தின்றது, பெயருக்குத் திரும்பவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது என்று துணி போட்டு மூடினேன், அப்போதும் இல்லை. மேலே கல் இடிக்கும் மில் சத்தம் அதிகம், காது அடைத்திருக்கும் என்று வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தேன். நானே களைத்துப்போய் மறுபடி கீழே கொண்டுபோனேன், அங்கே முதல் தடவையிலேயே கம்பிக்கு வந்துவிட்டது. முனிரத்தினம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க எலியத்தான் எட்துனு போனீங்க சார். ஆள் கீயதான் கீறான்” என்றார், ஆள் கீழேதான் இருக்கிறானாம். அவர் கேலி பண்ணவில்லை. கேலி பண்ணியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கை மாதிரி அம்மாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எலியை ஏன் கூப்பிட்டீர்கள், ஆளை யாரும் கூப்பிடவே இல்லையே என்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இங்கே கீழே ஒருவன் செத்தால், பிணம் மேலே வரும்போது அவன் ரத்தசொந்தம் ஒருத்தர் சுரங்கத்தில் இறங்கும் குழியின், ஷாஃப்ட்டின், வாசலில் நின்று பெயர் சொல்லி, வீட்டுக்கு வா என்று கூப்பிடவேண்டும். இந்துக்கள் செய்வார்கள், நம் சபைக்காரர்களும் பாஸ்டருக்குத் தெரியாமல் செய்வார்கள். மாமாவின் பிணம் வரவில்லை. வரட்டும், வந்தபிறகு கூப்பிடலாம் என்று எல்லோரும் காத்திருந்தோம். சுவர் கட்டியபிறகும் அந்த நினைப்பு யாருக்கும் வரவில்லை. எட்டு மாதமாக அவனை ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை, அந்தக் கூட்டத்தார் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வா என்று வேலைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பகல் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கூடப்பிறந்தவள் என்ற முறையில், அம்மா வந்தாள். பெண்பிள்ளைகள் அங்கே வருவதில்லை, ஆனால் வாசலில் கதவு திறந்துவிடும் ராஜப்பா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று இடம் விட்டான். கீழேயிருந்து எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஆள் ஏற்றி இறக்கும் கேஜைக் காலியாகக் கீழே இறக்கி வைத்தாயிற்று. ஆள் இறங்கும்போது எடுத்துப்போகும் பித்தளை வில்லை எல்லாம் பலகையில் திரும்பி வந்துவிட்டதா என்று நானே பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வெளியே நிற்கிறார்கள். அதாவது கீழே மனிதன் யாரும் இல்லை, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். அம்மா கம்பிக்கதவில் கை வைத்துக் குனிந்து, பெரிய சத்தம் போடாமல், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, “பர்னபாசு, நேரமாச்சுடா, வீட்டுக்கு வா” என்றாள். மூன்று தரம் கூப்பிட்டாள்.

கீழேயிருந்து மணி அடித்தது. ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஆள் ஏறுகிறான். மூன்று அடித்தது. என்ஜின் டிரைவர் மணிக்குக் கட்டுப்பட்டவன், கேள்வி கேட்கமாட்டான், கேஜைத் தூக்கினான். நான் நிறுத்து என்று சொல்லியிருக்கலாம், வாசலில் ஆள் கணக்குப் பார்ப்பவன், எனக்கு அந்த அதிகாரம் உண்டு, சொல்லவில்லை. கேஜ் மேலே வந்து நின்றது. காலி. ராஜப்பா கதவைத் திறந்தான், ஏறி வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்கிற மாதிரியே, “தலையக் குனிஞ்சி வா நைனா, சங்கிலி கீது” என்றான். இதுவரை நடந்ததற்கெல்லாம் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். மணிக்கம்பியில் பாறைத்துண்டு விழுந்தால் மணி அடிக்கும், ராஜப்பாவுக்கு வாய்ப்பழக்கம். இனி சொல்வது அந்த வகையில் சேராது. கேஜ் கயிற்றில் தொங்குகிறது அல்லவா, ஆள் நிற்கும்போது கயிறு கொஞ்சம் இழுபட்டிருக்கும், அவன் வெளியே காலை வைத்ததும் பாரம் குறைந்து கேஜ் விரல் கனம் மேலே எழும்பும். நான் தினமும் பார்க்கிறது. அன்றைக்குக் கதவு திறந்தபிறகு, ராஜப்பா ஒதுங்கி நின்றபிறகு, அந்தக் காலிக் கேஜ் எழும்பியது.

அம்மா அழவில்லை. திரும்பி நடந்தாள். நம் லைன் வீடுகளுக்குப் போகிற பாதையில் எப்போதும் நடுவில் நடப்பவள், அன்று ஓரமாக, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, களைத்தவனோடு நடக்கிற வேகத்தில் நடந்தாள். நான் பின்னால் போனேன். அந்த இடத்தில் போய் நான் நடந்திருக்கலாம், நடக்கவில்லை. பிறகு திரும்பிப்போய் மணிக்கம்பி முழுவதையும் லாந்தர் பிடித்துப் பார்த்தேன். அறுபடவில்லை, உரசவில்லை, ஒரு கல்லும் விழுந்திருக்கவில்லை. என்ஜின் டிரைவர் ஒரு ஆள் பாரம் தெரிந்தது சார் என்கிறான். அவ்வளவு பெரிய என்ஜினுக்கு ஒரு ஆள் பாரம் தெரியாது. அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை முனிரத்தினம் ஆள் அனுப்பினார். போனேன். கீழே, அதே இடத்தில், அதே கூண்டில், அவர் பர்னபாஸ் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், எலி முதுகைக் காட்டிக்கொண்டு வாலை நக்குகிறது. நானும் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கூட்டத்தார் எல்லோரும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். “இனிமே இது சும்மா எலி சார், பாப்பாவுக்குக் குடுங்க” என்றார் மேஸ்திரி. புது எலிக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டேன். “யாரும் சாவலியே சார், பேர் இல்லாமயே கெடக்கட்டும், அதான் நல்லது” என்றார்.

லூயிசா, இதையெல்லாம் உன் வயதுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். நீ கேட்டாய், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதினேன். மாமா எலிக்குள் இல்லை, எந்த நாளும் இருந்ததில்லை. கீழே இருந்தானா என்பது எனக்குத் தெரியாது. இப்போது கீழே இல்லை என்று அம்மா சொல்கிறாள், எட்டு மாதத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் அவள் இரண்டு வேளை சாப்பிடுகிறாள். நீ போட்ட நிபந்தனை எனக்குத் தெரிந்த அளவில் நிறைவேறிவிட்டது, அதனால் லீவுக்கு நீ வரவேண்டும். இந்த எலிக்கு நீயாக ஒரு புதுப் பெயர் வை, மாமா பெயர் வேண்டாம், அவனை மறுபடி வேலைக்கு அனுப்பாதே. வாலைப் பிடித்துத் தூக்காதே, உள்ளங்கையைக் குழித்து அள்ளு. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க வேப்பங்குச்சி போடு. கேழ்வரகு போதும், கடலை அதிகம் போட்டால் கொழுத்துச் சாகும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வருஷம்தான் இருக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன், அப்போது வந்து என்னிடம் அழாதே. மரப்பெட்டியில் வைக்காதே, ஒரே வாரத்தில் ஓட்டை போட்டுவிடும், நான் தகரத்தில் செய்கிறேன்.

ஆண்டவர் உன்னை வெளிச்சத்திலும் இருட்டிலும் கைப்பிடித்து நடத்தட்டும். இருட்டில் பயம் என்று எழுதியிருந்தாய், பயப்படு, தப்பில்லை, ஆனால் போர்வைக்குள் மூச்சடைக்கும்படி தலையை மூடிக்கொள்ளாதே. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத மறக்காதே.

உன் அப்பா,
ஏனோக்

இனி நான் செய்யப்போவது:

1. இன்றைக்குத் தகரப்பெட்டியில் காற்றுத்துளை போட்டு, ஓரத்தில் கூர் இல்லாமல் அரம் போட்டு முடிப்பேன்.

2. திங்கட்கிழமை ரயிலில் நானே எலியைக் கொண்டுவருவேன். பார்சலில் அனுப்பினால் செத்துப்போகும்.

3. மேட்ரன் அம்மாளிடம் பேசுவேன். எலி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஊரிகத்திலிருந்து என்று சொல்வேன், அதற்குமேல் சொல்லமாட்டேன்.

4. லீவு தொடங்கும் அன்று வந்து உன்னை அழைத்துக்கொண்டு போவேன்.

5. நம் வாசல் கதவு அடியில் தரையில் உரசுகிறது, யார் திறந்தாலும் வீடு முழுவதும் கேட்கிறது. செவ்வாய்க்கிழமை அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள், ஒரு தரம் உரசியது. நான் அப்போது பாதையில்தான் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வாசலில் யாரும் இல்லாதபோது, இன்னொரு தரம் உரசியது. அதை இழைக்க உளி எடுத்து வைத்திருந்தேன், இழைக்கமாட்டேன்.