அறுபத்திரண்டு

புனே,
17.8.2011

அன்புள்ள அப்பாவுக்கு சந்தோஷ் வணக்கத்துடன் எழுதுவது.

சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? தனியாகச் சமைக்க முடிகிறதா? ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்பட வேண்டாம். ஓய்வே எடுக்காமல் ஓட்டினால் இப்படித்தான் என்று கோச் திட்டினார்.

வீட்டில் தினமும் விடிந்ததும் நான் கண்மூடிப் படுத்திருக்க, அம்மா கடிகாரத்தைப் பார்த்து என் நாடியை எண்ணுவாள். அறுபதைத் தாண்டினால் உடம்பு களைத்திருக்கிறது, அன்று ஓட்டக் கூடாது. திண்டிவனம் பந்தயத்தன்று, "அறுபத்திரண்டுடா. இன்னிக்கு வண்டியத் தொடாத, படுத்துக்கினு இரு" என்றாள். பந்தயம் போன கோபத்தில் அவளிடம் பேசாமலே விழுப்புரத்தில் ரயிலேறினேன்.

அவள் அடக்கத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன். அந்தக் கடிகாரத்தின் நொடி முள் எப்போதோ கழன்று கண்ணாடிக்குள் கிடக்கிறது. அவள் எண்ணவே இல்லை, அப்பா. என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

இங்கே நானே எண்ணுகிறேன். எத்தனை வந்தாலும் நோட்டில் ஐம்பது என்று எழுதிவிட்டு ஓட்டப் போய்விடுகிறேன்.

அம்மாவின் போர்வையைப் பார்சலில் அனுப்புங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. இது கிடைத்த மறுநாள் காலை ஐந்து மணிக்குப் போன் செய்யுங்கள். வேறெதுவும் பேச வேண்டாம். "அறுபத்திரண்டு, படுடா" என்று மட்டும் சொல்லுங்கள்.

சந்தோஷ்