இடது கையைக் கட்டிய துண்டு

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

எனக்கு எழுதத் தெரியாது. பக்கவாதத்தில் குழறிப்போன நாக்குக்குப் பயிற்சியாக, அன்றன்று நடந்ததைப் போனில் சொல்லச் சொல்லியிருக்கிறது பிசியோதெரபி பெண். சொன்னால் போனே எழுதிக்கொள்கிறது.

இன்று மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு, என் மனைவி சரோஜா என் இடது கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டினாள். நல்ல கையைக் கட்டிப்போட்டால்தான் விழுந்துபோன வலது கை வேலை செய்யுமாம். அதுவும் அந்தப் பெண் சொன்னதுதான். நாலு மாதமாக எனக்கு ஊட்டிவிட்டவள், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"பசிக்குதுடி, கல்நெஞ்சுக்காரி!"

"திட்டறதுக்கு மட்டும் நாக்கு நல்லா வருது. சாப்புடுங்க. அடுத்த மாசம் பேத்தி கல்யாணத்துல, சம்பந்தி வூட்டாளுங்க எதிர்ல நான் ஊட்டிக்கினு இருக்கணுமா?"

எனக்கும் அந்தப் பயம்தான். விரல்கள் மடங்கவில்லை. முதல் கவளம் மடியில் விழுந்தது. அடுத்தது மூக்கில் பட்டது. ஐந்தாவதோ ஆறாவதோ வாய்க்குள் போனது. ரசத்தில் உப்பு தூக்கல். ஆனாலும் அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது. அந்தப் பிசியோதெரபி பெண் நன்றாக இருக்கட்டும்.

துண்டை அவிழ்க்க வந்த சரோஜா அப்படியே நின்றாள். "இன்னாங்க இது? இழுத்தா அவுர்ற மாதிரிதானே முடிச்சு போட்டேன். அம்பது வருஷம் தறியில அறுந்த பட்டு இழைய முடிச்சு போட்ட ஆளு, தெரியலையா?"

அவள் கட்டும்போதே தெரிந்தது. இறுக்கிக் கட்ட அவளுக்கு மனசு வரவில்லை. நான்தான் இழுக்கவில்லை.

"தெரியலடி" என்று சொல்லிவிட்டேன். நாளைக்கும் அவளே கட்டட்டும்.