பக்கத்துக் கட்டில்

செவ்வாய், இரவு

ஸ்ரீரங்கம் வந்து சாப்பிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. செல்வத்தின் முகமே கண்ணில் நிற்கிறது.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். எங்கள் வார்டில் படுத்திருக்கும் தன் அப்பாவைக் கவனித்துக்கொள்கிறார். பக்கத்துக் கட்டில் காதர் பாயின் மகன் குவைத்தில் இருப்பதால், அவருக்கும் இவரே கஞ்சி ஊட்டுவார், புரட்டிப் படுக்க வைப்பார். நர்ஸுகள் நாங்களே எத்தனை முறை, "பாயையும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றிருக்கிறோம். நடுவில் கை கழுவச் சொன்னதில்லை.

இன்று பாய்க்கு என்ன கிருமி என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. செல்வத்தின் அப்பாவின் புண்ணில் இருந்த அதே கிருமி இப்போது பாயின் சிறுநீரிலும் இருக்கிறது. வேறெந்த மருந்துக்கும் கேட்காதபோது போடும் கடைசி ஊசிக்கும் அது அடங்காது. செல்வத்தை வராந்தாவுக்கு அழைத்து, "இனிமே பாயைத் தொடாதீங்க" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். "நான்தான் கொடுத்துட்டேனா சிஸ்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க."

இரண்டு கட்டிலுக்கும் நாங்களும்தான் போகிறோம். அவசரத்தில் கை கழுவாமல் போனதும் உண்டு. ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் இருக்கும், கொண்டுபோன கை யாருடையது என்று இருக்காது. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது பாய் தண்ணீர் கேட்டார். செல்வம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "சிஸ்டரைக் கூப்பிடுறேன் பாய்" என்றார்.

பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, எம்மேல கோவமா?"