ஷ்வே ஒன்பது நிமிடம் தாமதம்

அன்பு வாப்பாவுக்கு,

நேற்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன். என் தவறையும் சேர்த்துத்தான்.

ரப்பர் தோட்டத்துப் பாதையில் பன்னிரண்டு மைல் சவாரிப் போட்டி. நீங்கள் ஓட்டிவந்த குதிரை ஷ்வேயை, நீங்கள் இல்லாத இந்த வருடம் நான் ஓட்டினேன். குறித்த நேரத்துக்கு முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் மதிப்பெண் போய்விடும். நீங்கள் ஒவ்வொரு வருடமும் முந்தி வந்தே இழந்தீர்கள். லத்தா தெருவில் நம் கடையில் அவ்வளவு பொறுமையாக இருந்தவருக்குச் சேணத்தில் ஏறினால் மட்டும் ஏன் அந்த அவசரம்?

ஷ்வேக்கு வயதாகிவிட்டது. ஓடி முடித்துப் பத்து நிமிடத்தில் அவள் இதயத்துடிப்பு இறங்காவிட்டால் வண்டிக்காரர்களுக்கு விற்றுவிடுவேன் என்று லாயத்தின் சொந்தக்காரர் டோ கின் முன்பே சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் பயம்.

தூரத்தை நீங்கள் ஓதும் தஸ்பீஹ் மாலையில் எண்ணினேன். குதிரையின் துள்ளலோடு இருபது தடவை எழுந்து உட்கார்ந்தால் ஒரு மணியைத் தள்ளுவேன். முப்பத்துமூன்று மணி, மாலை ஒரு சுற்று, ஒரு மைல். எல்லாம் உங்கள் கணக்குத்தான். நேரம் மிச்சமிருக்கிறது என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். மாலைப்படி பதினோரு மைல் ஆனபோது எதிரே பாதையின் ஒரே கொடி, பத்தாவது மைல் கொடி, நின்றது.

குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் பாய்ந்திருப்பாள். அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். வியர்வையில் ஊறியிருந்தது. தட்டவில்லை. கடைசி ஏற்றத்தில் நடக்கவே விட்டேன். இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

ஒன்பது நிமிடம் தாமதம். நம் வீட்டில் யாரும் செய்யாத சாதனை! பத்து நிமிடம் கழித்துக் குதிரை மருத்துவர் குழாயை வைத்துக் கேட்டார். துடிப்பு இறங்கியிருந்தது.

“இவ இங்கேயே இருக்கட்டும்,” என்று டோ கின் பர்மியில் சொன்னார். உன் அப்பா மாதிரி நீ இல்லை என்று சிரிக்கவும் செய்தார்.

பசுந்தாங்கில் நம் வீட்டுக்கு வந்து மாலையை எண்ணினேன். முப்பது மணிதான் இருந்தது. உம்மாவிடம் கேட்டேன்.

“அறுந்துச்சுல்ல, நான்தான் கோத்து வச்சேன். மூணு மணி பீரோவுக்கடியில உருண்டுருச்சு. ஓதுற மாலைய வச்சுக் குதிரைக்கா எண்ணுனே? அப்படியே உன் வாப்பாதான்.”

நான் யார் மாதிரி, வாப்பா?

ஷ்வேயை இனி போட்டிக்கு அழைத்துப்போக மாட்டேன். ஞாயிறுதோறும் தோட்டத்துக்குள் உலாவ மட்டும் கூட்டிப்போவேன். அவள் நிற்கும் இடத்தில் நானும் நிற்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மகள்
ஸைனப்

பி.கு: படுக்கச் சொல்லி உம்மா விளக்கை அணைத்துவிட்டார்கள்.