அக்கா கூப்பிட்ட பெயர்கள்

அன்பு அக்கா,

உன் சார்பில் நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கப்போகும் குறைகளை முதலில் உனக்கே வாசிக்கிறேன்.

1. சென்ற ஆண்டு, தை: வேறு சாதியில் மணம் முடித்த நம் ஊர்ப் பெண் செல்விக்கு வீட்டில் இடம் கொடுத்தாய் என்று உன்னை ஊர்விலக்கு செய்தார்கள்.
2. அதே ஆண்டு, ஐப்பசி: மழைக்காற்றில் உன் கூரை பிரிந்தபோது, அதை வேய வந்த ஆளைத் திருப்பி அனுப்பினார்கள்.
3. இந்த ஆண்டு, மாசி: உன் உடலைச் சுமக்க ஊரில் ஒரு தோளும் வரவில்லை.

கடற்கரை ஏலத்தில் உனக்கு மீன் கிடையாது, உன்னோடு எவரும் பேசக் கூடாது என்பது கட்டுப்பாடு. பஞ்சாயத்தார் காலில் விழுந்திருந்தால் அன்றே நீங்கியிருக்கும். நீயோ தினமும் விடியலில் காலிக் கூடையோடு ஏலத்துக்கு வந்து, உன் பழைய இடத்தில் நின்றாய். "பாக்கியம், முட்டி வலி எப்புடிடீ இருக்கு? ராணி, மவளுக்குப் புள்ள பொறந்துச்சா?" உன்னோடு மீன் விற்ற பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். பிறகு பக்கத்துத் துறைக்கு நடந்துபோய் மீன் வாங்கி, உள்ளே நெல் கிராமங்களில் விற்றுத் திரும்பினாய்.

"பதில் பேசாதவங்கள எதுக்குக்கா கூப்புடுற?" என்று கேட்டேன்.

"அவளுவ வாயத்தாண்டா கட்டிப்புட்டாங்க. என் வாய எவன் கட்டுனான்?" என்று சிரித்தாய்.

கடைசியில் உன்னைத் தூக்கியவர்கள் யாரென்று உனக்குத் தெரியுமா? உன்னிடம் மீன் வாங்கிய பெண்கள். உளுந்து வயலிலிருந்து அப்படியே வந்தார்கள். "தெனம் இவ கூடைய நாங்கதான் தலையில தூக்கி வுட்டோம். இவளயும் நாங்களே தூக்குறோம்" என்றார்கள். எவர் அனுமதியையும் கேட்கவில்லை.

போன வாரம் பஞ்சாயத்துத் தலைவர், மன்னார்குடியில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கே வந்தார். "சார், திருவிழா வருது, அதுக்குள்ள கட்டத் தீக்கணும். அக்கா மேல இருந்தது இப்ப ஒங்க மேல நிக்குது. அக்காவுக்குப் பதிலா ஒரு தடவ விழுந்து கும்புட்டுடுங்க. முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர் கூடியது. போனேன். நின்றுகொண்டே சொன்னேன்: "என் அக்கா விழாத எடத்துல நான் விழ மாட்டேன்."

"படிச்ச திமிரு" என்றார் ஒருவர்.

"இல்லங்க. அவகூடப் பொறந்த திமிரு."

அப்போது பாக்கியம் எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த உன் வீட்டுப் பக்கம் திரும்பி, ஊரே கேட்கக் கத்தினாள்: "வலி இன்னும் கொறயலக்கா!"

"ஏய், ஒக்காரு" என்றார் தலைவர். உட்காரவில்லை. ராணியும் எழுந்தாள். "பொம்பளப் புள்ளக்கா! நல்லாருக்கு!"

பிறகு ஒவ்வொருத்தியாக. நீ கேட்டுவைத்த ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

காலிக் கூடையோடு நின்ற முதல் நாளே நீ ஜெயித்துவிட்டாய், அக்கா. ஊருக்கு அது இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

உனக்கு என் வாக்கு இது: அந்த வாசலில் என் தலை குனியாது. உன் கூடை என்னிடம் இருக்கிறது. தேவைப்பட்டால் ஏலத்தில் உன் இடத்தில் நான் நிற்பேன். பஞ்சாயத்தார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

இதன் நகல் அவர்களுக்கும் போகிறது. உன்னை விலக்கியது தவறு என்று, உன் பெயரைக் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் வர வேண்டும். வாய்ச்சொல் ஏற்கப்படாது. ஆடிப்பெருக்கு வரை அவகாசம்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தம்பி