மூன்றாவது நிபந்தனை

சிவகாசி
14.5.2003

நசிமாவுக்கு,

சலாம். பிரஸ்ஸில் இப்போது சீசன். பத்தாம் வகுப்பு வரலாற்று கைடு ஓடுகிறது. புரூப் பார்ப்பது நான்தான்.

முதல் உலகப் போர் முடிந்ததும் வென்ற நாட்டுத் தலைவர்கள் பாரிசில் கூடி, மாதக்கணக்கில் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டு நிபந்தனைகளை எழுதினார்களாம். அந்தப் பேச்சில் ஜெர்மனியைச் சேர்க்கவில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் கூப்பிட்டார்கள். போருக்குப் பொறுப்பு ஜெர்மனிதான் என்றும் அதில் ஒரு வரி உண்டு. பாடத்தில் பிழை எதுவும் இல்லை.

ஜமாஅத்தில் எங்கள் பக்கம் தீர்ப்பானது உனக்குத் தெரியும். நீ என்னோடு வாழத் திரும்பி வர வேண்டும், நிபந்தனைகளை நாங்கள் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். மூன்று நாள் பேசினோம். மல்லாங்கிணற்றில் நீ இப்போது இருக்கும் உன் உம்மா வீட்டுக்கு ஒரு வருஷத்துக்குப் போகக் கூடாது என்றார் என் உம்மா. நீ தையலை விட வேண்டும் என்றார் அண்ணன். எதை முதலில் எழுதுவது என்று அவர்களுக்குள் சண்டை.

"அவகிட்டயும் ஒரு வார்த்தை கேப்போமா?" என்றேன்.

"தோத்தவகிட்ட என்னத்தலே கேக்குறது?" என்றார் அண்ணன்.

உன் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறதே, நீ எப்படிக் கையெழுத்துப் போடுவாய் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"இடது கை பெருவிரல் போதும்லே."

அந்தக் கட்டு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. என்னால்தான் என்று நானும் சொல்லவில்லை.

மூன்றாவது நிபந்தனை நான் எழுதியது. நடந்த எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு என்று அதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காகிதமும் மைப்பெட்டியுமாக அங்கே வருவார். இடது கையை நீட்டாதே.

இப்படிக்கு,
வென்ற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்